கரைக்கு ஒரு ஓம்

சும்மா தருகிறவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் பக்கத்துக்கு அப்படி வருகிறவர்கள் ஒன்றில் வோட்டுக் கேட்பார்கள், இல்லாவிட்டால் வயலுக்கு விலை கேட்பார்கள். ஆகவே மூத்த மகள் ஒருநாள், "அப்பா, நான் செய்த சாமானை எல்லாருக்கும் சும்மா குடுக்கப்போறன், உள்ளுக்க இரிக்கிறதையும் சேர்த்து" என்று சொன்னபோது, பிள்ளையை யாரோ நன்றாக ஏய்த்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அது என்ன சாமான் என்று இந்தக் கதையைக் கேட்கிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். நான் சாதாரண தரத்தோடு, அதாவது பதினோராம் வகுப்போடு, படிப்பை விட்டவன். கணினி விஷயத்தில் நான் சொல்வதில் பிழை இருக்கும். வாவி விஷயத்திலும் இருக்கலாம். அது போகப் போகத் தெரியவரும்.

எங்கள் வாவிக்கு இரண்டு கரை. சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை, எழும்புகிற பக்கம் எழுவான்கரை. நாங்கள் படுவான்கரையில், மண்டூருக்குக் கிட்ட இருக்கிறோம். எங்களுக்கு வயல்தான் சீவியம். எதிர்க்கரையில், செட்டிபாளையம் பக்கத்தில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற மண்ணில் நிறையப் பேருக்கு வலைதான் சீவியம். மாரி மழை பிடித்தால் வாவி நிரம்பும். அது கடலுக்குப் போகிற வாயை மணல் அடைத்துக்கொண்டிருக்கும். அந்த மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடும். பிந்தி வெட்டினால் வட்டை என்கிற பள்ளத்து வயல்வெளிகளில் வெள்ளாமை, அதாவது வயலில் நிற்கிற நெற்பயிர், அழுகிவிடும். முந்தி வெட்டினால் வளராத இறாலும் மீனும் தண்ணீரோடு போய்விடும். வலைக்காரர்கள் பிறகு வெறும் வலையை உதறவேண்டியதுதான்.

அதனால் ஒவ்வொரு மாரியிலும் நாங்கள் "வெட்டு" என்போம், அவர்கள் "பொறு" என்பார்கள். முடிவு மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், இரண்டு பக்கச் சங்கங்களையும் இருத்திவைத்து எடுக்கப்படும். அங்கே போய் நாங்கள் தண்ணீர் கழுத்தளவு என்போம். அவர்கள் முழங்காலளவு என்பார்கள். இரண்டு பேரும் பார்த்துவிட்டு வந்தது ஒரே தண்ணீர்.

மகள் மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை செய்கிறாள். இந்தச் சண்டையைக் கேட்டே வளர்ந்தவள். அவள் என்ன செய்தாள் என்றால், இரண்டு கரைகளிலும் கோடு போட்ட கம்புகளை நடுவித்தாள். காலையில் அந்தந்த இடத்து ஆள் போய்த் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் போனில் அனுப்ப வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு செயலியில் வாவியின் படமாக வரும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு வந்தால், வாயை வெட்டுவதைப் பற்றிப் பேசத் தொடங்கலாம் என்று அர்த்தம். எங்கள் தோணித்துறையில் நட்ட கம்பைப் பார்க்கிற வேலை எனக்கு.

இதைத் திறந்த மூல மென்பொருள் என்று அவள் சொன்னாள். செயலிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை உலகத்தில் யாரும் பார்க்கலாம், எடுத்துப் போகலாம், தன் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம். ஆனால் எல்லாரும் பாவிக்கிற பொதுப் பிரதிக்குள் ஒரு மாற்றத்தைச் சேர்ப்பதென்றால், திறப்பு வைத்திருக்கிற ஆள் பார்த்து ஓம், அதாவது சரி, என்று சொல்லவேண்டும். திறப்பு என்றால் பூட்டுத் திறக்கிற இரும்புச் சாவி இல்லை, உரிமை. அந்த நாட்களில் அது மகளிடம் மட்டும் இருந்தது.

"அப்ப ஒருத்தன் வந்து முழுசையும் அள்ளிட்டுப் போனா?" என்று கேட்டேன்.

"போகட்டும்."

"போகட்டுமோ?"

"அவன் அள்ளினா எங்கட இடத்தில குறையாதப்பா. இது நெல்லு மூட்டையா?"

நெல்லு மூட்டை இல்லை என்பது எனக்கும் தெரியும். அள்ள அள்ளக் குறையாத பொருள் ஒன்று உண்டு என்பதைத்தான் மனம் ஏற்கவில்லை. குறைவது எங்களுக்குத் தெரியாத இடத்தில் குறைகிறதோ என்று யோசித்தேன்.

ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் காத்தான்குடியில் போன் திருத்துகிற கடை வைத்திருப்பவர். எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பழைய போன்களில் செயலி திறக்க மறுக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். மகளுக்கு எழுதினார், அவள் அவரையே திருத்தச் சொன்னாள், திருத்தினார். பிறகு வேறு ஊர்களிலிருந்தும் வந்தார்கள். எங்கேயோ ஓர் ஆற்றங்கரைக்காரர்கள் முழுவதையும் எடுத்துத் தங்கள் ஆற்றுக்குப் பாவிப்பதாக மகள் சந்தோஷமாகச் சொன்னாள். ஒருவர் வந்து, இது என்ன குப்பை, என் போனில் எழுத்தெல்லாம் உடைகிறது என்று எழுதினார். எனக்கு அவருக்குத் திருப்பி எழுத நல்ல வசனம் ஒன்று வாய்த்தது. மகள் விடவில்லை. "சொன்னதற்கு நன்றி, என்ன போன் என்று சொல்ல முடியுமா" என்று எழுதினாள். அந்த மனிதர் பிறகு எழுத்துப் பிழைகள் பார்க்கிற ஆளாக ஒட்டிக்கொண்டார்.

இன்னொன்றும் கவனித்தேன். அவள் தன் பக்கத்தில் சின்னச் சின்ன வேலைகளை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டிருந்தாள். ஒரு சொல்லை மாற்றுவது, ஒரு நிறத்தைத் திருத்துவது, அப்படியானவை. கெட்டிக்காரப் பிள்ளை ஏன் இப்படிச் சோம்பல்படுகிறாள் என்று கேட்டேன்.

"புதுசா வாறவங்களுக்கு வெச்சிரிக்கன். எல்லாத்தையும் நானே செய்து முடிச்சா, வாறவன் எதில கை வைக்கிறது? பாத்திட்டுப் போயிடுவான்."

அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வாறவன் யார் என்ற கேள்வி அப்படியே இருந்தது.

அப்படி வந்தவர்தான் கொக்கு. அவருடைய பேர் தெரியாது. தன் முகத்துக்குப் பதிலாக ஒரு கொக்கின் படத்தை வைத்திருந்தார், ஆகவே வீட்டில் கொக்கு என்றே சொன்னோம். எந்த நாடு என்று தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. நானாக ஆண் என்று வைத்துக்கொண்டேன். நல்ல தமிழ் எழுதினார், கொஞ்சம் புத்தகத் தமிழாக. மகள் விட்டுவைத்த சின்ன வேலைகளைச் செய்தார். பிறகு பெரிய வேலைகளைச் செய்தார். கேள்வி கேட்கிறவர்களுக்கு மகளுக்கு முந்தியே பதில் எழுதினார். கோபப்படவில்லை. ஒரு சதம் கேட்கவில்லை.

எனக்கு அதுதான் உறுத்தியது. கொக்கு சும்மா நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன். அது தவம் செய்ய நிற்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கிழமை நாட்களில் அலுவலகம், அதற்குப் பிறகு இந்த வேலை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அப்பா, கொக்கு ஒரு விஷயம் கேட்டிரிக்கு. தனக்கும் திறப்பைத் தந்தா நான் கொஞ்சம் ஓய்வெடுக்கலாமாம். குடுத்திட்டு விட்டிரலாமெண்டு நினைக்கிறன்."

"விட்டிரலாமெண்டா?"

"முழுசா. எனக்கு ஏலாம இரிக்கு."

என் கை சோற்றிலேயே நின்றது. "பிள்ளை, இதுக்குத்தான் அவன் இவ்வளவு நாளும் நிண்டது."

"எதுக்கு?"

"திறப்புக்கு."

"திறப்பை வெச்சு என்ன செய்வார்?"

"சிவப்புக் கோட்டை ரெண்டு விரல் இறக்கினாக் காணும். கச்சேரியில இருக்கிறவங்க உன்ர படத்தைப் பாத்துட்டுத்தான் இப்ப பேசத் தொடங்குறாங்க. ஏத்தினா எங்கட வெள்ளாம போகும். இறக்கினா அவங்கட இறால் போகும். எது நடந்தாலும் ரெண்டு கரையிலயும் உன்ர பேரைத்தான் சொல்லுவாங்க, கொக்கின்ர பேரையில்ல. அதுக்குப் பேரே இல்ல."

எங்கள் வட்டையில் விதானை என்று ஒருவர் உண்டு. தண்ணீரை யாருக்கு எப்போது விடுவது என்று பார்ப்பவர். அந்த வட்டையில் ஒரு மூலையும் விதைக்காத ஆளை நாங்கள் விதானையாகத் தெரிவு செய்தது கிடையாது. இதையும் சொன்னேன். என் மனைவி மட்டும் பேசாமல் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்கு எதிராக ஏதோ வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

அடுத்த கிழமை பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். போன் கடைக்காரர் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"இரிங்க அண்ணன். தேத்தண்ணி சொல்லட்டா?"

"தேத்தண்ணி கிடக்கட்டும் தம்பி. இந்தக் கொக்கு யாரெண்டு கண்டுபிடிக்க ஏலாதா?"

"என்னத்துக்கு?"

"சும்மா வேல செய்யிற ஆளை நம்ப ஏலுமா?"

அவர் சிரித்தார். "நானும் சும்மாதான் செய்யிறன். என்னை எப்ப பிடிச்சுக் குடுக்கப்போறீங்க?"

"உங்கட கட எங்க எண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப கடைதான் நம்பிக்கை, நானில்ல." போனின் வயிற்றுக்குள் ஊதினார். "அண்ணன், அவர் யாரெண்டு எனக்கும் தெரியா. அவர் செய்த ஒவ்வொண்டையும் நான் பாத்திரிக்கன். இதுவரைக்கும் கள்ளம் ஒண்டும் காணல்ல."

"இதுவரைக்கும்."

"ஓம். இதுவரைக்கும். அதுக்கு மேல அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டு, கொண்டுபோன கேள்வியோடேயே திரும்பி வந்தேன்.

மாரி பிடித்தது. நான் தினமும் விடிந்ததும் துறைக்குப் போய்க் கரையில் நின்று கம்பைப் பார்த்து அனுப்புவேன். எங்கள் கம்பில் தண்ணீர் ஏறியது. எதிர்க்கரைக் கம்புகளிலும் ஏறியது. ஆனால் எங்களுடையதில் கொஞ்சம் கூட. பிறகு இன்னும் கொஞ்சம் கூட. ஒருநாள் காலை எங்கள் துறை சிவப்பாகிவிட்டது. எதிர்க்கரை முழுவதும் மஞ்சள்.

எங்கள் பக்கச் சங்கத்தார் கச்சேரிக்குப் போக வாகனம் பேசினார்கள். அன்று காலை வலைக்காரர் ஒருவர் தோணியில் வந்தார். எதிர்க்கரைக்காரர், அவர்களுடைய சங்கத்தில் முக்கியமானவர், அங்கே ஒரு கம்பைப் பார்க்கிறவரும் அவர்தான். ஒவ்வொரு நாளும் நான் துறையை விட்டுப் போன பிறகு, வெயில் ஏறும் நேரத்துக்கு எங்கள் கரைக்கு வந்து பெண்களுக்கு மீன் விற்றுவிட்டுப் போவார். அன்று முந்தி வந்தார். தோணியில் மீன் இல்லை. எங்கள் வீட்டு வளவின் வாசல் படலையிலேயே நின்றார். மகளும் அன்று விடுமுறையில் வீட்டில் இருந்தாள்.

"மச்சான், உங்கட பக்கத் தண்ணி மட்டும் எப்பிடி மேல ஏறுது? உங்களுக்கு வேற ஆறோ?" வாவியை அவர்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள், நாங்களும்தான்.

"கம்பு சொல்லுறதைத்தான் நான் அனுப்புறன்."

"கம்பு சொல்லுதோ, நீங்க கம்புக்குச் சொல்லிக் குடுக்கிறீங்களோ?"

"இஞ்ச பாருங்க, வார்த்தைய அளந்து பேசுங்க."

"அளக்கிறதைப் பத்தித்தான் பேச வந்திரிக்கன். சாமானைச் செய்தது வெள்ளாமக்காரன்ர மகள். அளக்கிறது அந்த வெள்ளாமக்காரன். வெளிநாட்டில இருந்து ஒரு கொக்கு உங்களுக்கு ஒத்தாசை. அதுவும் உங்கட சொந்தக்காரனாத்தான் இரிக்கும்."

கொக்கு எங்கள் ஆளா? முந்தின நாள்தான் எல்லாரும் பார்க்கிற பொது இடத்தில் கொக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தது: "மேற்குக் கரையில் ஒரு கம்பு மட்டும் மற்றவற்றிலிருந்து மெல்ல மெல்ல விலகிப் போகிறது. யாராவது அதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?" அதை வாசித்ததிலிருந்து கொக்கு எழுவான்கரை ஆள்தான், என்னைக் கள்ளனாக்கப் பார்க்கிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இந்த மனிதரோ அதை என் சொந்தக்காரன் என்கிறார்.

"எங்கட கம்பெல்லாத்தையும் பிடுங்கப்போறம்" என்றார் வலைக்காரர். "நாங்க வேற ஒண்டு செய்வம். எங்கட பொடியன்களும் படிச்சிரிக்காங்க."

மகள் வெளியே வந்தாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். "செய்யுங்க மாமா" என்றாள். "புதுசாத் தொடங்கத் தேவல்ல. இதையே முழுசா எடுத்திட்டுப் போங்க. பொடியன்களை என்னோட கதைக்கச் சொல்லுங்க, எப்பிடி நடத்துறதெண்டு நானே காட்டித் தாறன்."

வலைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் இரண்டு பேருக்கும் ஒரே சந்தேகம்.

"என்ன பிள்ளை, இவ்வளவு லேசாத் தாறாய்?" என்றார். "உள்ளுக்க என்னவும் வெச்சிரிக்கியோ?"

"உள்ளுக்க இரிக்கிறது எல்லாம் திறந்துதான் மாமா கிடக்கு. நான் கள்ளம் செய்தா நீங்க எடுத்திட்டுப் போயிடுவீங்க. அந்தப் பயத்தில நான் ஒழுங்கா இரிக்கணும். அதுக்குத்தான் திறந்து வெச்சது. ஆனா நீங்க போனா என்ர படத்தில பாதி ஆறு இல்லாமப் போயிடும். உங்கட படத்திலயும் பாதிதான் இரிக்கும். மறுகா கச்சேரியில பழையபடி கழுத்தும் முழங்காலும்தான்."

அவர் படலையைப் பிடித்தபடி யோசித்தார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"கொக்கு கேட்ட படத்தை அனுப்பினீங்களா அப்பா?" மகள் என்னிடம் திரும்பினாள்.

"அனுப்பல்ல. முன்பின் தெரியாத ஒருத்தன் எங்கட துறையைப் படம் எடுத்து அனுப்பு எண்டா, எடுத்து அனுப்புறதா? வந்த ஆளுக்கு இவ்வளவு உரிமை எங்கயிருந்து வந்திச்சு?"

அப்போதுதான் மனைவி குசினி அடுப்படியிலிருந்து பேசினாள். "ஏன், நீங்க வந்த ஆளில்லையோ?"

இதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பான். குடி என்று நாங்கள் சொல்கிற வம்ச வழியும் தாய் வழிதான். என் பிள்ளைகள் என் குடி இல்லை, தாயின் குடி. அந்தக் கணக்கில் இந்த ஊரில் நான் வந்த ஆள்தான்.

"வந்த புதுசில ஒருத்தரையும் கேக்காம விடியப்பறம் போய் எங்கட வாய்க்காலை வெட்டிச் சுத்தம் பண்ணினீங்க" என்றாள். "என்ர அண்ணன்மார் என்ன சொன்னவங்க? இவன் தண்ணியை எந்தப் பக்கம் கொண்டுபோகப் பாக்கிறான் எண்டவங்க. ஒரு கிழமை வரம்பில நிண்டு உங்களைப் பாத்தவங்க. நல்லதுக்குச் செய்யிறன் எண்டு அழுதீங்க. அயத்துப் போச்சா, மறந்திட்டீங்களா?"

"அழல்ல" என்றேன்.

வலைக்காரர் படலையில் நின்றபடியே சிரித்தார். "ஒரு கிழமையா பாத்தவங்க? எங்கட பக்கமெண்டா ஒரு வருஷம் பாப்பாங்க."

"மறுகா நம்பினவங்கதானே" என்றேன் மனைவியிடம்.

"உடன நம்பல்ல. முதல்ல பன்றிக்காவலுக்கு விட்டவங்க. மறுகா தண்ணி முறை பாக்க விட்டவங்க. கூட்டத்தில வாயைத் திறக்க விட எத்தினை வெள்ளாமக் காலம் போச்சு. ஆனா போ எண்டு சொல்லல்ல. வாய்க்கால் சுத்தமாத்தான் இரிந்திச்சு."

போனை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தேன். வலைக்காரரும் கூடவே வந்தார். நான் தனியாகப் போனால் கம்பில் ஏதாவது செய்துவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். அவர் தனியாக நின்றால் எனக்கும் அதே சந்தேகம்தான். மகளும் பின்னால் வந்தாள்.

நான் தினமும் நின்று பார்க்கிற இடத்திலிருந்து பார்த்தேன். கம்பு நேராகத்தான் நின்றது. "பாருங்க" என்றேன். பக்கவாட்டில் படம் எடுப்பதென்றால் தண்ணீருக்குள் இறங்கவேண்டும். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நெஞ்சளவு போனதும் திரும்பிப் பார்த்தேன்.

கம்பு சாய்ந்திருந்தது. நன்றாகவே சாய்ந்திருந்தது. வாவிப் பக்கமாக, நான் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே சாய்ந்ததால், கரையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் அடிமட்டத்தை, அதாவது அளவுகோலை, நேராக நிறுத்துங்கள். பிறகு சாய்த்துப் பாருங்கள். வாளியில் தண்ணீர் கூடாது, அடிமட்டத்தில் மட்டும் கூடும்.

"ஆர் சாய்ச்சது?" என்று கேட்டேன். என் கண் வலைக்காரரில் இருந்தது.

அவருடைய கண் கம்பில், தண்ணீருக்குச் சற்று மேலே இருந்தது. அங்கே பூசிய நிறம் ஒரு வளையமாகத் தேய்ந்திருந்தது. கயிறு தேய்த்த வளையம். அதற்கு மேல் அவருடைய தோணிக் கயிறு அப்போதும் கட்டிக் கிடந்தது. அன்று காலையிலும் வந்து வழக்கம்போல அதில் கட்டிவிட்டுத்தான் என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார்.

தினமும் மீன் விற்கிற நேரம் முழுவதும் தோணி அந்தக் கம்பை வாவிப் பக்கம் இழுத்துக்கொண்டே நின்றிருக்கிறது. கரையில் மீன் வாங்கிய பெண்கள் எல்லாரும், என் மனைவி உட்பட, அதைப் பார்த்திருக்கிறார்கள். துறையில் ஒரு கம்பு நின்றால் தோணி கட்டுவார்கள்; அதில் பார்க்க என்ன இருக்கிறது?

"நீங்க கம்பைச் சாய்ச்சு, சிவப்பைக் கொண்டுவந்து, உங்கட இறாலை நீங்களே கடலுக்கு அனுப்பப் பாத்திரிக்கீங்க" என்றேன்.

"வாயைப் பொத்துங்க மச்சான்" என்றார். பிறகு, "எங்கட சங்கத்தில சொல்லிராதீங்க" என்றார்.

"சொல்லத்தான் வேணும் மாமா" என்றாள் மகள், கரையில் நின்றபடி. "நீங்க கட்டினதெண்டு சொல்லத் தேவல்ல. கம்பு சாய்ஞ்சு கிடந்திச்சு, இத்தினை நாள் அளவு பிழை எண்டு எல்லாரும் பாக்கிற இடத்தில எழுதணும். மறைச்சா நாளைக்குச் சரியான அளவையும் நம்பமாட்டாங்க."

எழுதினாள். படத்தையும் போட்டாள். கம்பை நிமிர்த்திப் பிடித்து அளந்ததும் எங்கள் துறை மஞ்சளுக்குத் திரும்பியது. எங்கள் சங்கத்தார் பேசிய வாகனத்தை நிறுத்தவேண்டி வந்தது. என்னோடு சில நாள் பலர் முகம் கொடுக்கவில்லை. கொக்கு "நன்றி, இப்போது விளங்குகிறது" என்று ஒரு வரி மட்டும் எழுதியது. பிழை யாருடையது என்று கேட்கவில்லை. கேட்காததும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே கதிரைகள் போட்டோம். வலைக்காரர் தோணியில் வந்தார். போன் கடைக்காரர் பஸ்ஸில் வந்தார். கொக்கு போன் வழியாக எழுத்தில் மட்டும் வந்தது. குரல் கேட்கலாமா என்று நான் கேட்கச் சொன்னேன்; எழுதுவதே வசதி என்றது.

திறப்பை யாரிடம் கொடுப்பது என்பதுதான் பேச்சு. எங்கள் ஊர்க் கோயிலில் சாமியின் நகைப்பெட்டிக்கு ஒரே ஆளிடம் எல்லாத் திறப்பும் இல்லை. ஒவ்வொரு குடிக்கும் ஒரு வண்ணக்கர், அதாவது கோயில் பொறுப்பாளர், உண்டு. அவர்கள் எல்லாரும் வந்து நின்றால்தான் பெட்டி திறபடும். ஒருவரை ஒருவர் நம்பாததால் வந்த வழக்கம் என்று சொல்வார்கள். அதனால்தான் நகை இன்னும் இருக்கிறது என்றும் சொல்வார்கள். அந்தப் பேச்சை எடுத்தது வலைக்காரர். அவருடைய தாய்வழிக் குடிக்கும் அங்கே உரிமை உண்டு.

பேசிப் பேசி ஒரு ஒழுங்குக்கு வந்தார்கள். செயலியின் உள்ளெழுத்தை மாற்றுவதென்றால், மாற்றியவர் இல்லாமல் வேறு இரண்டு பேர் பார்த்து ஓம் சொல்லவேண்டும். மகளும் இதற்கு விலக்கில்லை. சிவப்புக் கோட்டையோ கம்பையோ தொடுவதென்றால், கரைக்கு ஒரு ஓம் வேண்டும். படுவான்கரையில் ஒரு ஓம், எழுவான்கரையில் ஒரு ஓம். ஒரு கரை "பொறு" என்றால் ஏன் என்று எல்லாரும் பார்க்க எழுதவேண்டும். எழுதாத "பொறு" செல்லாது. வசை பேசினால் ஒருதரம் சொல்லிப் பார்ப்பது, மறுதரம் வெளியே விடுவது. இந்த ஒழுங்கை மாற்றுவதென்றாலும் இதே மாமரத்துக்குக் கீழே, அல்லது இதே மாதிரித் திறந்த இடத்தில்.

"உங்களையும் ஒரு ஓம் சொல்லுற ஆளாப் போடுறம்" என்றாள் மகள் போன் கடைக்காரரிடம்.

"எனக்கு வெள்ளாமையும் தெரியா, வலையும் தெரியா."

"அதனாலதான்" என்றார் வலைக்காரர். "உங்களுக்கு ரெண்டு பக்கமும் லாபமில்ல."

"எனக்கு எந்தப் பக்கமும் லாபமில்லாம ஒரு வேல கிடைச்சிரிக்கு எண்டு வீட்டில போய்ச் சொல்லுறன்" என்றார் அவர்.

கொக்குக்குத் திறப்பு கொடுக்கவில்லை. வந்த கேள்விகளைத் தரம் பிரித்து யாரிடம் போகவேண்டும் என்று விடுகிற வேலையைக் கொடுத்தார்கள். ஒரு மாரி போகட்டும், பிறகு பார்ப்போம் என்று மகள் எழுதினாள். நான் பன்றிக்காவலை நினைத்துக்கொண்டேன். கொக்கு உடனே எழுதியது: "நல்லது. அப்படித்தான் இருக்கவேண்டும்."

"ஏன் இவ்வளவு கெதியாச் சம்மதிக்கிறான்?" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுத்த வசனத்தை விழுங்கிக்கொண்டேன். ஆனால் விட்டுவிடவில்லை. இன்றைக்கும் கொக்கு ஏதாவது செய்தால், மகளிடம் அது என்ன என்று வாசித்துச் சொல்லக் கேட்கிறேன். அவள் அலுப்பில்லாமல் சொல்கிறாள். கேட்க ஓர் ஆள் இருப்பது நல்லதாம். அவள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில் தூங்குகிறாள்.

அந்த மாரியில் பிறகு தண்ணீர் உண்மையாகவே ஏறியது. இரண்டு கரையும் ஏறக்குறைய ஒன்றாகச் சிவந்தன. இரண்டு சங்கங்களும் ஒரே அளவோடு கச்சேரிக்குப் போய், அதற்குப் பிறகும் சண்டைதான் பிடித்தார்கள். வாயை வெட்டினார்கள். எங்களில் சிலருக்குப் பள்ளத்து வெள்ளாமை போனது. அவர்களுக்கும் இறால் போனது. ஆனால் அளவு பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. மகளின் பெயரையும் யாரும் எடுக்கவில்லை. எனக்கு அது போதும்.

தோணி கட்டுவதற்கென்று நான் துறையில் வேறு ஒரு கட்டையை இறுக்கி நட்டுக்கொடுத்தேன். மாமரத்துக் கூட்டத்துக்குப் பிறகு கம்பை மாற்றி நட்ட அன்று வலைக்காரர் அந்தப் புதுக் கட்டையில் கயிற்றைப் போட்டார், போடுமுன் இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். நான் கரையில் நின்று கம்பைப் பார்த்தேன்.

"நேரா நிக்குது" என்றேன். "எங்கட கரை ஓம் எண்டு போடுறன்."

"போடுங்க."

"உங்கட கரை?"

"பொறுங்க மச்சான்" என்றார். கயிற்றை அவிழ்த்தார், தாங்குகம்பை ஊன்றித் தோணியைத் தள்ளினார், அளவுக் கம்பைச் சுற்றி மற்றப் பக்கத்துக்குப் போனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு இன்னொரு பக்கத்துக்கும் போனார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றேன்.